ஆணியில் தொங்கிய வார்

காஹாங்
3 மார்ச் 2024

அன்புள்ள அய்யாவு அண்ணனுக்கு,

காளியம்மா எழுதுகிறேன். எந்தக் காளியம்மா என்று யோசிக்க வேண்டாம், தோல் கம்பெனி அர்ச்சுனன் வீட்டுக் காளியம்மாதான். இத்தனை வருடம் கழித்துக் கடிதம் என்றதும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்திருப்பீர்கள். யாரும் போகவில்லை. என் முட்டி மட்டும்தான் போய்விட்டது. நீங்கள் கெலாங் பாத்தாவில் மகள் ஷர்மினி வீட்டில் இருப்பதாகவும், மருமகன் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருவதாகவும் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

சொன்னது லோஷினி என்ற பெண். குளுவாங்கிலிருந்து வந்தாள். நம் பழைய முதலாளி, தவுக்கேயின் பேத்தி தோல் கம்பெனியைச் சுத்தம் பண்ணி, காப்பிக்கடையும் தங்கும் அறைகளும் கட்டுகிறாளாம். வாசலில் அந்த இடத்தின் வரலாற்றைப் பலகையில் எழுதி வைக்கப் போகிறார்களாம். தமிழில் எழுதும் பொறுப்பு லோஷினிக்கு. "ஆன்ட்டி, இது போர்டுல வரும், ஒருவாட்டி படிச்சுப் பாருங்க லா" என்று நீட்டினாள். வாங்கிப் படித்தேன்.

நம் வேலை முறையை அழகாகத்தான் எழுதியிருக்கிறாள். மதகுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு ஆணி, அதில் ஒரு சாண் நீளத் தோல் வார். தோல் புரட்டும் பெரிய பீப்பாயைக் கழுவ உள்ளே இறங்குகிறவன் அந்த வாரை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். ஆணி காலியாக இருந்தால் மதகுக்காரன் தண்ணீரை அடைக்கும் பலகையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் தண்ணீர் பாய்ந்து சக்கரம் சுற்றும், சக்கரத்தோடு பீப்பாயும் சுற்றும். எல்லாம் சரி. அதற்குக் கீழே ஒரு வரி: "1986-இல் அர்ச்சுனன் என்ற தொழிலாளி, வாரை எடுக்க மறந்து பீப்பாய்க்குள் இறங்கியதால் உயிரிழந்தார்."

யார் சொன்னது என்று கேட்டேன். அய்யாவு அங்கிள் என்றாள்.

போன் நம்பரும் கொடுத்தாள். நான்தான் வேண்டாம் என்று காகிதத்தை எடுத்தேன். இங்கே போன் மகன் சுகுமாறன் கையில் இருக்கும், அங்கே ஷர்மினி பக்கத்தில் இருப்பாள். காகிதத்துக்குக் காது இல்லை.

அண்ணே, அவர் மறந்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த வரியை எடுக்கச் சொல்லி நீங்களே லோஷினியிடம் சொல்லிவிடுங்கள். கல்லில் வெட்டின மாதிரி நிற்கப் போகிற பலகை அது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் அன்புத் தங்கை,
காளியம்மா


கெலாங் பாத்தா
15 மார்ச் 2024

அன்புத் தங்கை காளியம்மாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் உறையைப் பிரிக்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள் எழுத்து இன்னும் குண்டு குண்டாக அப்படியே இருக்கிறது. என் எழுத்தைப் பார், கோழி கிளறிய மாதிரி. கண்ணில் புரை எடுத்த பிறகும் இந்த லட்சணம்தான்.

ஆமாம், அந்தப் பெண் இங்கேயும் வந்தாள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டாள். நானும் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன், ஜப்பான்காரன் வருவதற்கு முன்னாலிருந்து ஆரம்பித்துவிட்டேன். பெரிய தவுக்கே மரவள்ளிக் கிழங்கு மாவு அரைக்கத்தான் முதலில் அந்தத் தண்ணிச் சக்கரத்தைப் போட்டார். என் அப்பா அங்கே கிழங்கு சுமந்தவர். ஜப்பான் காலத்தில் சுற்று வட்டாரத்துக்கே அந்த மாவுதான் சோறு. சண்டை முடிந்து அரிசி வந்ததும் மரவள்ளியை ஒருத்தரும் சீண்டவில்லை, தின்று தின்று அலுத்துப் போயிருந்தார்கள். ஆலை பத்து வருடம் சும்மா கிடந்தது. அப்புறம் அவர் மகன், நம் தவுக்கே, மூவாரில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் பேச்சைக் கேட்டுத் தோல் வேலையை ஆரம்பித்தார். தண்ணீர் இருந்தது, சக்கரம் இருந்தது, தோல் பதனிட பக்காவ் மரப்பட்டை லோரியில் வந்து இறங்கியது. கிழங்கு கழுவிய தொட்டிகளில் சுண்ணாம்பைக் கரைத்துத் தோலை ஊறப் போட்டார்கள். மாவு சலித்த உருளையைக் கழற்றிவிட்டு எட்டடி உயர மரப் பீப்பாயை மாட்டினார்கள். மழை பெய்தால் சுவரில் மாவு வாசனை வரும் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. உனக்குத் தெரியுமே.

நீ கேட்ட வரியைப் பற்றி. அன்றைக்கு விசாரணையில் என்ன எழுதினார்களோ அதைத்தான் நானும் சொன்னேன். வார் ஆணியில் இருந்தது, அதனால் மதகைத் திறந்தேன். எழுதி முடிந்து முப்பத்தெட்டு வருடம் ஆன ஒன்றை இப்போது ஏனம்மா அழிக்க வேண்டும்? காப்பி குடிக்க வருகிறவன் பலகையையா படிக்கப் போகிறான்.

சுகுமாறனுக்கு எத்தனை பிள்ளைகள்? நீ இத்தனை வருடமாக ஒரு வரி போடாததில் எனக்கும் வருத்தம் உண்டு, சொல்லிக்காட்டவில்லை. முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

அன்புடன்,
அய்யாவு


காஹாங்
28 மார்ச் 2024

அய்யாவு அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. மாவு, கிழங்கு, சுண்ணாம்பு, மூவார் செருப்பு எல்லாம் கிடைத்தது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது போல.

அப்படியானால் நான் நடந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். தீமிதிக்குக் காப்புக் கட்டி அன்று எட்டாவது நாள். விரதம் முடியும் வரை தோல் தொடாத வேலை வேண்டும் என்று அவர் தவுக்கேயிடம் கேட்டார். "தோல் கம்பெனியில தோல் தொடாத வேலைக்கு நான் எங்க போறது?" என்று தவுக்கே சிரித்துவிட்டுப் பீப்பாய் கழுவும் வேலையைக் கொடுத்தார். மரம், தண்ணீர் பட்டால் சுத்தம் என்று இவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் வார் தோல் ஆயிற்றே. காப்புக் கட்டிய உடம்பில் மாட்டுத்தோலைச் செருக மாட்டேன் என்றார். அதனால் முந்தைய ஏழு நாளும் உள்ளே இறங்கும்முன் வாரை விரல் நுனியில் எடுத்து உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள் சட்டைப் பையில் வைத்திருந்தீர்கள். வெளியே வந்ததும் நீங்களே மாட்டினீர்கள். ராத்திரி சாப்பாட்டில் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார், "என் உசுரு அய்யாவு பாக்கெட்டுல இருக்கு" என்று.

ஏழு நாள் தவறாமல் செய்தவர் எட்டாவது நாள் எப்படி மறந்தார்? வார் எப்படி ஆணிக்குப் போனது? விசாரணையில் இந்தப் பாக்கெட் கதையை நீங்கள் ஏன் சொல்லவே இல்லை?

இன்னொன்று. மூன்றே மாதத்தில் காஹாங்கை விட்டுப் போனீர்கள். ஒரே சட்டியில் சாப்பிட்ட நண்பன் வீடு, ஒரு தீபாவளிக்கு எட்டிப் பார்த்தீர்களா? சுகுமாறன் கல்யாணத்துக்கு ஆள் மூலம் பத்திரிகை அனுப்பினேன். மொய் வந்தது, ஆள் வரவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

பலகையை யார் படிப்பார்கள் என்கிறீர்கள். சுகுமாறன் படிப்பான். அப்பா இறக்கும்போது அவனுக்கு ஆறு மாதம். செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபோர்மேனாக இருக்கிறான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு முறையும் என்ன சொல்கிறான் தெரியுமா? "எங்கப்பா ஒரு சின்ன விஷயம் மறந்தாரு, செத்தாரு. நீங்க மறக்காதீங்க." பெருமையாகத்தான் சொல்கிறான். வீட்டில் கேட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். அந்த மறதி தன் ரத்தத்திலும் இருக்குமோ என்று அவனுக்குப் பயம்.

அதனால்தான் கேட்கிறேன். அந்த வார் யார் கையில் இருந்தது?

அர்ச்சுனன் மனைவி,
காளியம்மா


கெலாங் பாத்தா
9 ஏப்ரல் 2024

தங்கை காளியம்மாவுக்கு,

கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. இருக்கலாம், உனக்கு இல்லாத உரிமையா.

சுகுமாறனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஷர்மினி டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். அந்தப் பையன் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிவான் என்று நான் நினைக்கவே இல்லை. நான் வராததற்குக் காரணம் நீ நினைப்பது இல்லை. அதற்கு மேல் கேட்காதே.

வேண்டுமானால் அந்த வரியையே எடுத்துவிடச் சொல்கிறேன். அர்ச்சுனன் பேரே வேண்டாம், விபத்தே வேண்டாம். கிழங்கு ஆலை, தோல் கம்பெனி, காப்பிக்கடை என்று முடித்துக்கொள்ளட்டும். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. கிளறக் கிளற நாறுகிற இடம் அது, தோல் தொட்டி மாதிரி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். லோஷினி உன்னிடம் வேறு ஏதாவது விசாரித்தாளா? அன்றைக்கு நீ அங்கே வந்தாயா, எத்தனை மணிக்கு வந்தாய் என்று ஏதாவது? கேட்டால் நினைவில்லை என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அய்யாவு


காஹாங்
16 ஏப்ரல் 2024

அய்யாவு அண்ணனுக்கு,

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக இருக்கிறது. நான் அங்கே வந்ததைப் பற்றி லோஷினி கேட்கவில்லை. உங்களைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்? எனக்கு எது நினைவிருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று நீங்கள் ஏன் சொல்லித் தருகிறீர்கள்?

அவர் பேரையே எடுத்துவிடலாம் என்கிறீர்கள். மறதிக்காரர் ஆக்கியது போதாதென்று இப்போது இல்லாதவர் ஆக்க வேண்டுமா?

போன சனிக்கிழமை சுகுமாறனைக் காரில் கூட்டிப்போகச் சொல்லி அந்த இடத்தைப் பார்த்தேன். தொட்டிகளை மூடிப் புல் போட்டிருக்கிறார்கள். சக்கரத்துக்கு வார்னிஷ் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள், சுற்றாது. பீப்பாயைப் பாதியாக அறுத்து, மெத்தை போட்டு உட்காரும் இடம் ஆக்கியிருக்கிறார்கள். ஒரு ஜோடி அதற்குள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. சுகுமாறன் அவர்களைப் பார்த்தபடி நின்றான். நான் மதகுத் தூணைத் தடவிப் பார்த்தேன். ஆணி இருந்த ஓட்டை இன்னும் இருக்கிறது.

மே ஐந்தாம் தேதி லோஷினி கடைசியாக வருகிறாள். அதன்பிறகு பலகை அச்சுக்குப் போய்விடும். அதற்குள் நீங்கள் உண்மையைச் சொல்லவில்லை என்றால் நான் சொல்லப் போவது இதுதான்: வார் அய்யாவு பாக்கெட்டில் இருந்தது, அய்யாவு மறந்து போய் மதகைத் திறந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும்.

காளியம்மா


கெலாங் பாத்தா
24 ஏப்ரல் 2024

தங்கை காளியம்மாவுக்கு,

நீ எழுதியதுதான் நடந்தது. அப்படியே சொல்லிவிடு.

இன்னும் சரியாகச் சொல்ல வேண்டுமானால் இப்படி. அன்றைக்குப் பதினோரு மணி இருக்கும். அர்ச்சுனன் வாரை ஒரு வாழையிலைத் துண்டால் பிடித்து என்னிடம் நீட்டினான். நான் இலையோடு வாங்கினேன். பாக்கெட்டில் வைக்க வேண்டியவன், பேச்சு மும்முரத்தில் ஆணியில் மாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வார் ஆணியில் தொங்கியது. நான் மாட்டியதே எனக்கு ஞாபகம் இல்லை. அவன் வெளியே வந்துவிட்டான் என்று நினைத்துப் பலகையைத் தூக்கினேன். இரண்டு சுற்றுக்குள் சத்தம் கேட்டது. பலகையைப் போட்டேன். போட்டு என்ன.

விசாரணையில் பயந்துபோய் அவன் மறந்ததாகச் சொன்னேன். உன் முகத்தில் விழிக்க முடியாமல் ஊரை விட்டுப் போனேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. அங்கே வேறு யாரும் வரவும் இல்லை.

இதையே தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். லோஷினியிடம் கொடு. சுகுமாறனிடமும் காட்டு. அவன் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஷர்மினிக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இனிமேல் இதைப் பற்றி எழுதாதே அம்மா. முடிந்தது.

அய்யாவு


காஹாங்
6 மே 2024

அன்புள்ள அய்யாவு அண்ணனுக்கு,

உங்கள் தனித்தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். பொய்யைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உண்மை ஆகிவிடுமா?

அவரிடம் வாழையிலை ஏது? இலை என் பாத்திரத்தை மூடியிருந்தது. அவருக்கு விரதப் பாலும் பழமும் கொண்டு வந்தது நான். அந்த இலையைப் பற்றி இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். போட்டவள் ஒருத்தி, எடுத்தவர் ஒருவர். எடுத்தவர் யார் என்று முப்பத்தெட்டு வருடமாகத் தெரியாமல் இருந்தேன். உங்கள் மேல் சந்தேகம் இருந்தது, நிச்சயம் இல்லை. அதற்காகத்தான் முதல் கடிதத்திலிருந்தே உங்களைச் சீண்டினேன். உங்கள் மேல் பழி போட்டது அதற்காகத்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு வழியில் உங்கள் வாயைத் திறக்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் சொல்கிறேன். ஒருவரிடமும் சொல்லாதது.

நான் வந்தபோது நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தீர்கள். அவர் பாலைக் குடித்துவிட்டு, உள்ளே இறங்கத் தயாராக வாரை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு உங்களைத் தேடினார். "அய்யாவுவக் காணோம். இந்தா புள்ள, இத அவன் கைல குடுத்துட்டு வீட்டுக்குப் போ" என்றார். நானும் விரதம், தோலைத் தொட எனக்கு மனம் வரவில்லை. பாத்திரத்து இலையைக் கிழித்து, அதால் பிடித்து வாங்கினேன். அவர் இறங்கிவிட்டார். நான் உங்களுக்காக நின்றேன். பிள்ளையைப் பக்கத்து வீட்டுச் செல்லத்திடம் விட்டு வந்திருந்தேன், பால் கட்டி நெஞ்சு வலித்தது. நீங்கள் வரவில்லை. வார் எப்போதும் தொங்குகிற ஆணி எதிரே இருந்தது. மாட்டினேன். இலையை அங்கேயே போட்டுவிட்டு வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு போனேன். நீங்கள் திரும்பி வரும்போது என் முதுகைப் பார்த்திருப்பீர்கள்.

ஆணிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் தோணவில்லை. மறந்தது அவர் இல்லை, நான்.

கூச்சல் கேட்டு ஓடி வந்தேன். எல்லோரும் பீப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தூணுக்கு அடியில் பார்த்தேன். இலை இல்லை. யாரோ நான் செய்ததைத் தெரிந்துகொண்டு இலையை எடுத்துவிட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. விசாரணையில் நீங்கள் "அவன் எடுக்க மறந்திருப்பான்" என்றீர்கள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என்னைக் காப்பாற்றத்தான் செய்தீர்கள். ஆறு மாதப் பிள்ளைக்கு அம்மாவாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பீர்கள். அந்த மனசுக்கு நான் என்ன கைம்மாறு செய்வது. ஆனால் அண்ணே, எனக்கு உங்கள் மேல் கோபமும் தீரவில்லை. என்னைக் கேட்காமல் நீங்களே முடிவு செய்தீர்கள். செத்தவர்தானே, அவருக்கு என்ன வலிக்கப் போகிறது என்று என் பழியைத் தூக்கி அவர் தலையில் வைத்தீர்கள். நானும் அதன் நிழலில் சொகுசாக இருந்துகொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் அவருக்குத் துரோகம் செய்தோம். நீங்கள் ஊரைவிட்டு ஓடி அதைச் செய்தீர்கள், நான் வருடா வருடம் அவருக்குப் படையல் போட்டுக்கொண்டே செய்தேன்.

நேற்று லோஷினி வந்தாள். பலகையில் இப்படி எழுதச் சொன்னேன்: "பீப்பாய் கழுவும்போது இறந்த அர்ச்சுனன் வேலை முறையைத் தவறாமல் செய்தவர். வாரைத் தெரியாமல் ஆணியில் மாட்டியவர் அவர் மனைவி காளியம்மா." அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டாள். "ஆன்ட்டி, உங்க பேரு வேணாம் லா" என்றாள். பேர் போட்டால்தான் வேறு யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றேன். எழுதிக்கொண்டு போனாள்.

அதற்கு முந்தின நாள் சுகுமாறனிடம் சொன்னேன். வேலை முடிந்து வந்தவனை உட்காரவைத்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன். நீங்கள் இலையை எடுத்ததையும், ஊரைவிட்டுப் போனதையும், இப்போது பழியை ஏற்றுக்கொண்டு எழுதியதையும் சேர்த்துத்தான். என்னைத் திட்டுவான், வீட்டைவிட்டுப் போகச் சொல்வான் என்று பையில் இரண்டு சேலைகூட எடுத்து வைத்திருந்தேன். அவன் திட்டவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

உங்கள் நம்பரை வாங்கிக்கொண்டான். எப்போது கூப்பிடுவான் என்று தெரியாது. கூப்பிட்டால் எடுங்கள். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொரு கதை கட்டாதீர்கள். அவன் உங்களிடம் ஒரே கேள்விதான் கேட்பான், என்னிடம் கேட்ட அதே கேள்வி. முப்பத்தெட்டு வயது ஆள், தலையை நிமிர்த்திக் கேட்டான்:

"அப்போ, அப்பா மறக்கலையாம்மா?"

தங்கை,
காளியம்மா